குதிரைக்கு ஆஃப் சீசன் உண்டா?

திண்டுக்கல்லில் மே மாதம் எப்படி இருக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி. ஊரை ஒட்டி ஒரு பெரிய மொட்டைப் பாறை, அதன் தலையில் கோட்டை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி அதை வட்டியோடு ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும் பாறை அது. மொட்டை மாடியில் நாலு வாளி தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தாலும் முதுகு சுடும். அப்போது வீட்டில் யாராவது ஒருத்தர் அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள்.

"பேசாம கொடைக்கானல் போயிட்டு வந்துடலாமா?"

எங்களுக்கு அது வெளியூர்கூட இல்லை. ஒரே மாவட்டம். செம்பட்டி, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. திண்டுக்கல் சுமார் 900 அடி உயரம், கொடைக்கானல் ஏரி சுமார் 7,000 அடி. காலையில் இங்கே இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதியம் அங்கே ஸ்வெட்டர் போடலாம். போன வருஷத்துக்கு முந்தின மே மாதம் நாங்களும் போனோம். நான், மனைவி, மகள், மச்சான் குடும்பம். இ-பாஸ் எல்லாம் முறையாகப் போட்டு, ஒரு வேன் பிடித்து.

பெருமாள்மலையிலேயே வண்டி நின்றுவிட்டது. ஊருக்குள் நுழைவதற்குள் பிள்ளைகள் இரண்டு முறை தூங்கி எழுந்துவிட்டார்கள். ஏரியைப் பார்த்தோம் என்று சொல்வதைவிட, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த முதுகுகளைப் பார்த்தோம் என்று சொல்லலாம். படகுக்கு க்யூ, பஜ்ஜிக்கு க்யூ, கழிப்பறைக்கு அதைவிடப் பெரிய க்யூ. கடைசியில் மகள், "அப்பா, குதிரை!" என்றாள்.

பழுப்பு நிறக் குதிரை. நெற்றியில் ஒழுங்கில்லாத வெள்ளைத் திட்டு, தோசைக்கு மாவு ஊற்றும்போது கை நடுங்கின மாதிரி. பிடித்திருந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு ரவுண்டுக்கு முந்நூறு ரூபாய் என்றார்.

"என்னண்ணே, சீசன்னா எங்களை உரிச்சுடுவீங்களா?" என்றேன்.

"வருஷம் பூரா இது திங்கும்ல சார்" என்றார்.

நான் சிரித்தேன். வியாபாரப் பேச்சு என்று நினைத்தேன். பத்து நிமிஷம் பேசி இருநூறுக்குக் கொண்டுவந்தேன். அன்று ராத்திரி மனைவியிடம், "நூறு ரூபா மிச்சம்" என்று பெருமையாகச் சொன்னேன்.

எந்த அறையில் உட்கார்ந்து அதைச் சொன்னேன் தெரியுமா? சாதாரண நாளைவிட மூன்று மடங்கு வாடகைக்கு எடுத்த அறையில். அங்கே நான் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. கவுன்ட்டரில் விலைப்பட்டியல் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. அச்சடித்த விலையிடம் நமக்கு ஒரு மரியாதை. அச்சடிக்க வசதியில்லாத மனுஷனிடம்தான் நம் சாமர்த்தியமெல்லாம். இது அன்றைக்கு உறைக்கவில்லை. உறைப்பதற்கு ஒரு ஜனவரி தேவைப்பட்டது.

*

பொங்கல் கழிந்த வாரம். வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. கொடைக்கானல் ஏரி உறைந்து கண்ணாடியாகிவிட்டதாம்! "நேர்ல போய்ப் பாத்துட்டு எழுதுங்க" என்றார் ஆசிரியர்.

போனேன். ஏரி உறையவில்லை. வேறு ஏதோ நாட்டுப் படம். ஆனால் பார்க்க வேண்டியது வேறு இருந்தது.

காலை ஆறே கால் மணி. ஜிம்கானா பக்கம் புல்வெளி முழுக்க யாரோ உப்புமூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி வெள்ளை. உறைபனி. காற்று அசையாத, மேகமில்லாத ராத்திரிகளில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது; சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் வந்து தேங்கும். ஏரி இருப்பது பள்ளத்தில். அதனால்தான் மேட்டிலுள்ள தெருக்களை விட்டுவிட்டு, ஏரியைச் சுற்றித்தான் பனி படியும். தண்ணீர் மட்டும் நேற்றைய வெயிலை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. சுற்றியிருக்கும் காற்றைவிட அது வெதுவெதுப்பாக இருப்பதால் ஏரி முழுக்க ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய அண்டாவில் வெந்நீர் போட்ட மாதிரி.

ஸ்விட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் என்று ஓர் ஊர். அந்த ஏரி நம் கொடைக்கானலைவிட ஆயிரம் அடிக்கு மேல் தாழ்வான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் கெட்டியாக உறைந்துவிடும். 1907-லிருந்து அந்தப் பனிக்கட்டி மேல் குதிரைப் பந்தயம் நடத்துகிறார்கள்! நாம் நிலநடுக்கோட்டுக்குப் பத்து டிகிரி பக்கத்தில் இருப்பதால் நம் ஏரிக்கு அந்த யோகம் இல்லை.

நம் ஏரிக்கரையில் அன்று ஒரே ஒரு குதிரைதான் இருந்தது. முதுகில் பழைய போர்வை, அதன் மேல் சாக்கு. நெற்றியில் அந்தத் தோசைத் திட்டு.

ஆளை நான் மறந்திருந்தேன். குதிரையைத்தான் அடையாளம் தெரிந்தது. அவருக்கும் என்னை ஞாபகம் இல்லை. எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருப்பார்! சுள்ளி போட்டுக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். கையைத் தேய்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "வாங்க சார், காட்டுங்க கைய" என்று இடம் விட்டார். பிளாஸ்க்கிலிருந்து மூடியில் கொஞ்சம் கட்டன் டீயும் ஊற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்கிற குளிரா அது?

"போணி ஆச்சாண்ணே?"

"மூணு நாளா இல்ல சார். சனி, ஞாயிறு ரெண்டு பேரு வந்தா உண்டு."

"அப்ப இதுக்குத் தீனி?"

"கொள்ளு, தவிடு, புல்லு, எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு நானூறு ஆயிருது. லாடம் தனி, ஊசி மருந்து தனி. ரெண்டு மாசம் நாங்க சம்பாதிக்கிறோம் சார். பன்னெண்டு மாசம் அது திங்குது. அதுக்கு ஆஃப் சீசன்னு சொன்னாப் புரியுமா?"

நான் பி.காம் படித்தவன். ஃபிக்ஸட் காஸ்ட், வேரியபிள் காஸ்ட் என்று இரண்டு வகைச் செலவை மூன்று வருஷம் உருப்போட்டு, பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவன். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை கொடுத்தாக வேண்டும், அது ஃபிக்ஸட் காஸ்ட். அந்தப் பாடம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மே மாதம் அவர் கேட்ட முந்நூறு ரூபாய் அந்த ஒரு ரவுண்டுக்கான விலை மட்டும் இல்லை. ஜனவரியின் கொள்ளும், ஜூலை மழையில் ஈரமாகாத புல்லும் அதற்குள் இருந்தன. நான் சாமர்த்தியமாகப் பிடுங்கிய நூறு ரூபாய், குதிரையின் ஜனவரி சாப்பாட்டில் கால் நாள்.

பர்ஸை எடுத்தேன். இருநூறு ரூபாயை நீட்டினேன். "இருக்கட்டும்ணே, தீனி வாங்கிப் போடுங்க."

அவர் வாங்கவில்லை. கோபமும் இல்லை. "சும்மா எதுக்கு சார்? ஏறுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவோம்."

என் எடை எண்பத்திரண்டு கிலோ. வாழ்க்கையில் குதிரை ஏறியதில்லை. காலை ஏழு மணிக்கு, குரங்குக் குல்லாவோடு, ஆளில்லாத ஏரிக்கரையில் ஒரு நடுவயசுப் பத்திரிகைக்காரன் குதிரை மேல் கண்ணை மூடிக்கொண்டு போன காட்சியைப் பார்க்க நல்லவேளையாக யாரும் இல்லை. இறங்கியதும் முந்நூறு கொடுத்தேன். "ஆஃப் சீசன் ரேட்டு இருநூறுதான் சார்" என்று நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்!

*

இப்போது கேள்விக்கு வருவோம். ஓர் இடத்துக்குப் போகிறோம், காசு கொடுக்கிறோம், அனுபவிக்கிறோம், திரும்புகிறோம். அதோடு கணக்கு முடிந்ததா? "நான் காசு கொடுத்துட்டேன்ல" என்று நாம் அடிக்கடி சொல்கிற வாக்கியத்துக்கு எவ்வளவு தூரம் அர்த்தம் உண்டு?

இரண்டு தப்பான பதில்கள் உடனே கைக்கு வரும். ஒன்று, நான் மே மாதம் செய்தது: விலையைக் குறை, வெற்றி கொண்டாடு. இன்னொன்று, நான் ஜனவரியில் செய்யப் பார்த்தது: மனசு உருகி, தானம் கொடு.

இந்த இரண்டாவதில் நம் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் ரொம்பப் பிரபலம். கொடைக்கானல் இருப்பது பழனி மலைத்தொடரில். அந்த மலை நாட்டைச் சங்க காலத்தில் ஆண்டவன் பேகன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை அதற்குக் கொடுத்தவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். புறநானூற்றில் மிச்சக் கதை இருக்கிறது. அந்தப் பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறிடத்தில் இருந்தான். (இவர் சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, வேறு.) கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் போய், "பரிசு வேண்டாம், நீ வீட்டுக்குப் போ" என்ற பொருளில் அவனிடம் பாடியிருக்கிறார்கள்!

பேகனைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. மயிலுக்குப் போர்வை கொடுப்பது ஒரு நிமிஷத்து வேலை. மனசு நெகிழ்ந்தால் போதும். வீட்டில் இருப்பவளை நினைப்பது தினசரி வேலை. அதற்கு ஞாபகம் வேண்டும். நம்மில் பெரும்பாலானவர்கள் மயில் விஷயத்தில் பேகன்தான். எதிரே நடுங்கிக்கொண்டு நின்றால் பர்ஸ் திறக்கும். கண்ணைவிட்டு மறைந்தால் மறந்துபோகும். குதிரைக்காரர் என் இருநூறை மறுத்தபோது, தனக்கு வேண்டியது என் நெகிழ்ச்சி இல்லை, நியாயமான கூலிதான் என்று சொல்லிவிட்டார். அவர் நடுங்கும்போது நான் கொடுப்பது பெரிசில்லை. வெயிலில் வியர்வையோடு நின்று விலை சொல்லும்போது, அந்த விலைக்குள் ஒரு ஜனவரி இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வர வேண்டும்.

சீசனில் மட்டும் பார்த்தவன் ஓர் இடத்தைப் பார்த்ததாக ஆகாது என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பெனிகள் மார்ச் 31-ம் தேதி பேலன்ஸ் ஷீட் போடுவார்கள். அது அந்த ஒரு நாளின் போட்டோ. அந்த நாளுக்கென்று அலங்காரம் பண்ணிக் காட்டுவதும் உண்டு. அதை மட்டும் பார்த்துப் பணம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம். சொந்தக்காரர்களைக் கல்யாண வீட்டில் மட்டும் பார்ப்பதும் இப்படித்தான். பட்டுப்புடவை தெரியும். ஆஸ்பத்திரி பில் தெரியாது.

*

குதிரைக்காரருக்காவது வாய் இருக்கிறது. மலைக்கு?

அந்த ஏரியே இயற்கையாக வந்ததில்லை. சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில், 1863-ல் ஓடைக்குக் குறுக்கே கரை எடுத்து உண்டாக்கினார் லெவிஞ் என்ற வெள்ளைக்காரர். மதுரை கலெக்டராக இருந்தவர். நட்சத்திரம் மாதிரி கிளை கிளையாக, ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். அந்த ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர்தான் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மேலே ஏரியில் எதைப் போடுகிறோமோ, அது நாம் திரும்பும் வழியில் செல்ஃபி எடுக்கிற அருவியில் நம்மோடு கூடவே இறங்கி வருகிறது.

காசு கொடுத்தால் கணக்குத் தீரும் என்பதற்கு மலையில் ஒரு கசப்பான உதாரணம் உண்டு. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, போராட்டம் வெடித்து, 2001-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஏரித் தண்ணீரிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைச் சொன்ன ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்படிக்கை 2016-ல்தான் கையெழுத்தானது. யோசித்துப் பாருங்கள். எங்கோ ஒரு நாட்டில் ஓர் அம்மா கடையில் முழு விலை கொடுத்துத் தெர்மாமீட்டர் வாங்கி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்திருப்பாள். அவளைப் பொறுத்தவரை கணக்கு அன்றே முடிந்தது. பில்லின் மிச்சம் ஏழாயிரம் அடி உயரத்தில் இருந்தது. அவள் மேல் தப்பில்லை, அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். வித்தியாசம் அதுதான்.

பி.காம் முதல் வருஷத்தில் முதல் பாடம்: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணீர் தருகிற ஆத்தூர் காமராஜர் அணைக்கு நீர் எங்கிருந்து வருகிறது? இதே மலைத்தொடரிலிருந்து. பேரிஜம் ஏரித் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது. சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பதால்தான் சமவெளியில் நாம் குழாயைத் திறக்கிறோம். நாம்தான் மலைக்கு இரண்டு மாதம் போகிறோம். மலை நம்மிடம் பன்னிரண்டு மாதமும் வருகிறது. அது நமக்கு ஆஃப் சீசன் வைக்கவில்லை.

இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்டார். "அப்ப எல்லாரும் ஜனவரியிலயும் போகணும்ங்கறியா?"

இல்லை. செயின்ட் மோரிட்ஸில் ஒரு கதை சொல்வார்கள். நம் ஏரி வெட்டியதற்கு அடுத்த வருஷம், 1864. பாட்ரூட் என்ற ஹோட்டல்காரர், கோடைக்கு வந்த இங்கிலாந்து விருந்தினர்களிடம் பந்தயம் கட்டினாராம். "குளிர்காலத்தில் வந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் உங்கள் பயணச் செலவு என்னுடையது." கிறிஸ்துமஸ்க்கு வந்தவர்கள் ஈஸ்டர் வரைக்கும் திரும்பவில்லையாம். பாட்ரூட் ஜெயித்தார். கூடவே, அந்த ஊரின் குளிர்காலமும் இன்னொரு சீசனாக மாறிவிட்டது. நம் மலைக்கு அந்தப் பந்தயம் தாங்காது. மே மாதத்தையே தாங்க முடியாமல்தான், சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு வேலை நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள்.

பள்ளிக்கூட லீவு மே மாதம்தான். நமக்கு வெயில் உறைப்பதும் அப்போதுதான். போகாதீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. போகாவிட்டால் அந்தக் குதிரை என்ன சாப்பிடும்? போங்கள். ஆனால் போகும்போது அந்த ஜனவரியையும் மனசில் ஒரு ஓரமாக எடுத்துக்கொண்டு போங்கள். அது மனசில் இருந்தால் பேரம் குறையும், பாட்டிலை வீசும் கை தயங்கும், "காசு கொடுத்துட்டேன்ல" என்கிற வாக்கியம் பாதியில் நிற்கும். ரொம்பப் பெரிய தர்மமெல்லாம் இல்லை. வாங்கியதைப் பற்றில் எழுதிக்கொள்வது. அவ்வளவுதான்.

நான் திருந்திவிட்டேனா என்று கேட்காதீர்கள். போன மே மாதம் மறுபடி அதே வாக்கியம், மறுபடி அதே வேன், மறுபடி பெருமாள்மலையில் நெரிசல். ஜன்னலோரம் ஒரு அம்மா மக்காச்சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். விலை சொன்னார். "என்னம்மா இது, கீழ..." என்று என் வாய் தன்னால் ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்தினேன்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா. ரெண்டு குடுங்க."